எதைக் குறைக்கச் சொன்னோம்?

புந்தோங்,
ஈப்போ.

அன்புத் தம்பி தனேஷுக்கு,

அக்கா தினேஸ்வரி எழுதுகிறேன். டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு நீ எழுதிக் கொடுத்த நிரல் கண்மூடித் திறப்பதற்குள் அட்டவணை போட்டுவிடுகிறது. நான் கையால் போட்டால் தைப்பூசம் வந்துவிடும். ஆனால் நிர்வாகம் அதை எதைக் குறைக்கச் சொன்னது? நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் நேரத்தை. சொன்னதைச் செய்தது. தொலைவில் சுங்காய்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளி கருப்பம்மாளை விடியற்காலையில் போட்டது. "அந்நேரத்துக்கு ஏதும்மா பஸ்ஸு? சுங்காய் எங்க இருக்குன்னு ஒங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாதுலா" என்றார். இரண்டு முறை வரவில்லை. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் இருக்கும்போது உன் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எதற்கு அக்கா என்று கேலி செய்வாயே, இதற்குத்தான்டா! எதைக் குறைக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்டுக் கணக்காக்குவது என் படிப்பு. அந்தக் கணக்கை நம் ஆயுளுக்குள் முடித்துத் தருவது உன் படிப்பு. ஒன்றை விட்டால் மற்றது நொண்டும்.

அதனால் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, யார் அதிகம் அலைகிறாரோ அவருடைய அலைச்சலை முதலில் குறைக்கும்படி நிரலை மாற்ற உன்னிடம் சொன்னேன். புது அட்டவணை வந்துவிட்டது. கருப்பம்மாளுக்கு நடுப்பகல். கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் அம்மாவுக்கு விடியற்காலை.

அம்மாவுக்குக் காலையில் எழுந்தாலே தலை சுற்றும். உனக்கும் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவரோ, "எம்மவன் போட்டதுலா, தப்பா இருக்காது" என்று பக்கத்து வீட்டு மங்களம் அக்காவிடம் பெருமையடிக்கிறார்.

நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் அம்மாவைப் பழைய பகல் நேரத்திலேயே வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நேற்று எழுதியிருந்தாய். பெற்ற தாய்க்குத்தானே கேட்கிறாய், உன்னைத் திட்ட மனம் வரவில்லை. நானும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். அம்மா பகலுக்கு வந்தால், விடியற்காலைக்குப் போவது மறுபடியும் கருப்பம்மாள்தான்.

அம்மாவை நான் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறேன். நீ மனம் கலங்காமல் நன்றாக இரு. அந்த வரியை மட்டும் எழுதாதே தம்பி. நாளைக்கு நானே அழுதுகொண்டு வந்து கேட்டாலும் எழுதாதே.

உன் அக்கா,
தினேஸ்வரி