போஸ்டரில் விட்டுப்போன பெயர்

திருநின்றவூர்

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி நிர்மலும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் நலமாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதே முடிந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற உடம்போடு அப்பா சாவுக்கு வர முடியவில்லை என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே, யாரும் குறை சொல்லவில்லை. அவர் இல்லாத வீட்டில் இருக்கவே எனக்குப் பிடிக்கவில்லை பிரியா.

நிர்மல் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நீ வாங்கி அனுப்பிய டேப்லெட்டில் படத்தைத் தொட்டால், பேச்சு வராத அவனுக்காக அது பேசுமே, அதை வைத்துத்தான் ஆவடி ஸ்பெஷல் சென்டரில் ரேணுகா டீச்சர் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டு ஆட்களின் போட்டோவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி, கீழே இருக்கும் பெயரைப் பெரிதாக்கி, கடைசியில் போட்டோவையே எடுத்துவிட்டார்கள். வெறும் எழுத்தைப் பார்த்தே சரியாகத் தொட்டான். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை, எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்திருப்பான் என்றே நினைத்தேன். அப்பாதான், பையன் படிக்கிறான் என்று ஃபேக்டரியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரியத்துக்கு முன்னால் பரந்தாமன் சித்தப்பா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துத் தெருமுனையில் ஒட்டினார். அப்பா படம், கீழே குடும்பத்தார் என்று என் பெயர், உன் பெயர், மாப்பிள்ளை பெயர், சித்தப்பா வீட்டார் எல்லாரும். நிர்மல் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டே போனான். அடிவரை போய்விட்டுத் திரும்ப மேலிருந்து ஆரம்பித்தான். பிறகு டேப்லெட்டில் நிர்மல் என்று தொட்டான், இல்லை என்று தொட்டான், திரும்பத் திரும்ப அதையே. அப்புறம்தான் நானும் பார்த்தேன், அவன் பெயரைப் போடவே இல்லை. சித்தப்பாவைக் கேட்டால், அவன் இன்னா அண்ணி படிக்கவா போறான்னு வுட்டுட்டேன் என்றார், சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். கடையில் மார்க்கர் வாங்கி உன் பெயருக்குக் கீழே மகன் நிர்மல் என்று எழுதினேன். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவன், கூப்பிட்டும் வீட்டுக்கு வரவில்லை. ஆமாம், நம் பையன் படிக்கிறான் என்று ஓடிப்போய்ச் சொல்ல அவர் இல்லையே என்று நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

ஈரத் தலையோடு இருக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. தம்பிக்கு இனிமேல் வெறும் படமாக அனுப்பாமல் இரண்டு வார்த்தை எழுதியும் அனுப்பு, மறந்துவிடாதே. மூன்று பேரும் நூறாயுசு நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
பார்வதம்