வெள்ளவத்தைக்கு வந்த போவா

என் ரஜனி அக்கா,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ ஆறுதலாக என்னைத் திட்டு. பாலன் அத்தான் கனடாவுக்குப் போகவில்லை. பாம்பு வாங்கியிருக்கிறார். உன் சோளப்பாம்பு பப்புவைப் போலப் பெருவிரல் பருமனில் ஒன்று அல்ல. இது போவா. இப்போதே நாலடிக்கு மேல். இன்னும் வளருமாம்.

நம்புகிறாயா? நீ பப்புவின் கூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டாலே பேப்பரையும் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுகிற மனிதர் அவர். உன் செத்தவீடு முடிந்த கையோடு, "பப்புவை ஆருக்குக் குடுப்பம் அத்தான்?" என்று நான்தான் கேட்டேன். "இருக்கட்டும், பாப்பம்" என்றார். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, நீளக் குறட்டில் ஒரு சுண்டெலியைப் பிடித்தபடி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கூட்டுக்கு முன்னால் நின்றார். பப்பு வந்து இழுத்ததும் இவர் துள்ளினார். நான் சிரிக்கவில்லை அக்கா. உனக்காகத்தான் இந்த மனிதர் இந்தப் பாடுபடுகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

நீ போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டைத் திவசத்தன்றுதான் கதை வெடித்தது. ஐயர் போய்விட்டார், சாப்பாடும் முடிந்துவிட்டது. டொரொண்டோவிலிருந்து உன் மச்சாள், அத்தானின் அக்கா, வீடியோவில் வந்து வழக்கமான கதையைத் தொடங்கினா. "பாலன், கடதாசி வேலையெல்லாம் நான் பாக்கிறன். தனிய அந்த ஃபிளட்டுக்குள்ள கிடந்து என்ன செய்யப்போறாய்?"

அத்தான் கைகழுவிவிட்டு வந்து, துவாயால் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் வரேல்லை அக்கா. நான் ஒரு போவா வாங்கப் போறன்."

"என்ன வாங்கப் போறாய்?"

"போவா. பாம்பு. கொஞ்சம் பெரிசு."

போனுக்குள் இருந்து, "குமரன்! நிக்கிறியே? இந்த மனுசனை ஒரு நல்ல டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ" என்று குரல் வந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி மீனா என் கையைக் கிள்ளினாள்.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துக்கம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்குத் தெரியும்? கொச்சிக்கடையில் வேலை முடிந்து இறங்கினால், கொட்டாஞ்சேனைக்கு நடந்து வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறத் தொடங்கினேன். அத்தானைத் தனியே விடப் பயமாக இருந்தது. அவரோ கடற்கரைப் பக்கம் நடக்கக் கூப்பிட்டு, ரயில் தண்டவாளத்தோரம் நின்று பாம்புக் கதையே கதைத்தார்.

"அத்தான், அக்கா ஆசைப்பட்டது போவா இல்லை. மஞ்சள் பர்மா மலைப்பாம்பு" என்று ஒரு நாள் சொன்னேன். உன் போனில் அந்தப் படத்தைத்தானே வைத்திருந்தாய்? அவருக்கு மறந்துவிட்டதாக்கும் என்று எண்ணினேன்.

"தெரியும்" என்றார். "அது பன்ரெண்டு அடி, பதினைஞ்சு அடி வளரும். தூக்கிறதுக்கே ரெண்டு மூண்டு பேர் வேணும். முதல்ல வளக்கிற பெரிய பாம்பு அப்பிடி இருக்கக்கூடாது, குமரன். எங்கட நாட்டு மலைப்பாம்பு வெங்கிணாந்தியைப் பிடிச்சு வைக்கவும் சட்டம் விடாது. ஆண் போவா எண்டால் ஆறடி, மிஞ்சினால் ஏழடி. நஞ்சில்லை. கொஞ்சம் நிதானமான சாதி. கொழும்புச் சூடும் ஈரமும் அதுக்கு ஒத்துவரும். அந்த அறையில ஏசி போடாமல் விட்டால் சரி."

கொள்ளுப்பிட்டி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இத்தனை வருடமாகப் பிறருடைய ஆபத்தையே அளந்துகொண்டிருந்த மனிதர், அதே குரலில் பாம்பை அளந்தார். எனக்கு அதுவே இன்னும் கலக்கமாக இருந்தது.

முதலில் எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு இடம் பார்த்தோம். மீன் தொட்டியும் லவ்பேர்ட்ஸும் விற்கிற கடை, பின்னறையில் பாம்பு. கடைக்காரன் கேட்க முன்னமே ஒரு போவாவை எடுத்து அத்தானின் தோளில் போட்டான். செம்பழுப்பில் நல்ல வடிவான பாம்பு. அத்தானின் முகம் வெளிறிப்போனது, ஆனால் அசையவில்லை. நான் கதவடிக்கே பின்வாங்கிவிட்டேன்.

"பாருங்க சேர், என்ன மாதிரி அமைதி! பச்சைப் பிள்ளை மாதிரி" என்றான்.

அத்தான் மெல்லக் குனிந்து அதன் தலையைப் பார்த்தார். "வாயைத் திறந்து மூச்சு விடுது ஏன், தம்பி? ஓரத்தில நுரையும் நிக்குது."

"அது பயணம் வந்த களைப்பு சேர்."

"எங்கேயிருந்து வந்தது?"

அவன் பாம்பின் முதுகைத் தடவி, "நல்ல இடத்தில இருந்து சேர்" என்றான். பாம்புக்குரிய அனுமதிக் கடதாசியைக் கேட்டபோது, "பிறகு எடுத்துத் தரலாம்" என்றான். அத்தான் பாம்பை இரண்டு கையாலும் தூக்கி அவனிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வீதிக்கு வந்த பிறகுதான் அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்ததைக் கண்டேன். "அமைதி இல்லை அது, வருத்தம். நுரையீரலுக்குள்ள சளி" என்றார். "பாவம் குமரன் அது. ஆனால் பாவம் பாத்து வாங்கக்கூடாது." பாவம் பார்க்கிற சனத்துக்கு நடுவில் ஒரு வருடம் இருந்தவர் அல்லவா? அவருக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும்?

இரண்டாவதாகப் போனது கிராண்ட்பாஸுக்கு, இம்தியாஸ் நானாவிடம். பாத்திரக்கடை வைத்திருப்பவர். மேல்மாடியில் முறையாக அனுமதி எடுத்து இரண்டு மூன்று போவாக்கள் வளர்க்கிறார். பெண் போவா முட்டை இடுவதில்லையாம், குட்டியாகவே போடுமாம். எனக்கு இதெல்லாம் எதற்கு? ஆனாலும் இப்போது தெரிகிறது. அங்கேயே பிறந்து இரண்டு வயதான ஆண் ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடந்து நாக்கை நீட்டி நீட்டி எங்களைப் பார்த்தது. கண் தெளிவு, தோலில் உண்ணி இல்லை, நானாவின் கையில் ஏறினபோது இறுக்கமாகப் பிடித்து நிமிர்ந்து நின்றது. அத்தானின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் எப்போது கண்டேன் என்று யோசித்தேன்.

ஆனால் நானா தரவில்லை. தேத்தண்ணீர் தந்தார், கேள்விகள் கேட்டார்.

"உங்கட பொஞ்சாதி மவுத்தானதா செல்லி கேள்விப்பட்டேன். அவங்கட ஆசைக்கா எடுக்கிறீங்க?"

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏன் கேக்கிறேன்டா, இது இருவது முப்பது வருஷம் உசிரோட ஈக்கும். ஒரு ஆள்ட நெனப்புக்கு எடுத்தா, அந்தத் துக்கம் கொறஞ்ச பொறகு பாம்பு பாரமாயிரும். எத்தனை பேர் திருப்பிக் கொண்டாந்து விட்டீக்கிறாங்க தெரியுமா?"

"இல்லை நானா" என்றார் அத்தான். "அவ கேட்டது மலைப்பாம்பு. இது நான் கேக்கிறன்."

அக்கா, அந்த இடத்தில் எனக்கு உன் மேல் இரக்கம் வந்ததா, அவர் மேல் கோபம் வந்ததா, தெரியவில்லை. அந்த மனிதர் உன் ஆசையை நிறைவேற்றவில்லை. தன் ஆசையைச் சொன்னார். உன்னோடு இருந்த காலம் முழுக்கத் தனக்கென்று ஒரு சேர்ட்டின் நிறத்தைக்கூடத் தெரிந்தெடுக்காத மனிதர்.

"வீட்டுக்கு வந்த ஆக்கள் எல்லாரும் என்னைப் பாத்துத் தலையை ஆட்டிச்சினம்" என்று தொடர்ந்தார். "அந்தச் சின்னப் பாம்புக்கு முன்னால மட்டும்தான் நான் ஒழுங்கா நிக்க வேண்டியிருந்தது. கை நடுங்கினால் அது எடுக்காது. எனக்கு அது பிடிச்சிருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிசா ஒண்டுக்கு முன்னால நிக்க வேணும் போல இருக்கு."

நானா தாடியைத் தடவினார். "உங்களுக்குப் பொறகு இதை ஆர் பாக்கிறது?"

"தெரியாது" என்றார் அத்தான். பொய் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான் எழும்பி வெளியே போய் வீதியில் நின்றேன். முச்சக்கர வண்டிகள், பள்ளிவாசல் விட்டு வருகிற சனம், கறிவேப்பிலைக் கட்டு விற்கிற பெண். உள்ளே போ என்று ஒரு மனம், பஸ் ஏறு என்று ஒரு மனம். பாம்பென்றால் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். படத்தில் வந்தாலே காலைத் தூக்கி மேலே வைப்பவன். கடைசியில் உள்ளே போனேன். "நானா, ரெண்டாவது ஆளா என்ர பேரை வைச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். ஏன் சொன்னேன்?

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப செரி. ஒண்டு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க. சாப்பாடு போடுற நேரம் வீட்டுல இன்னொரு ஆள் நிக்கணும். எந்தப் பெரிய பாம்புக்கும் ஒத்தையா சாப்பாடு போடாதீங்க."

அத்தான் தச்சனைக் கூப்பிட்டு அறையின் ஒரு சுவர் நீளத்துக்குப் பூட்டுப் போட்ட கூடு அடிப்பித்தார். ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் குளிர்மை, கிடந்து ஊறப் பெரிய தண்ணீர்த் தட்டு, ஏறக் கொப்பு. அதற்குப் பிறகுதான் நானாவிடமிருந்து பாம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கீழ் வீட்டு சிங்கள அன்ரி படியில் மறித்து, "அனே தம்பி, வெளிய வராதுதானே?" என்று என்னைத்தான் கேட்டா. அத்தானே அவவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டை இழுத்துக் காட்டினார். அவ பாம்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனா.

வந்த புதிதில் தொடக்கூடாதாம், இடம் பழக விட வேண்டுமாம். அத்தான் கூட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார், அவ்வளவுதான். முதல் எலியை அது தொடவில்லை. அடுத்ததையும் தொடவில்லை. வேலை நேரத்தில் எனக்குப் போன் எடுத்து, "இண்டைக்கும் சாப்பிடேல்லை" என்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற மாதிரி. நானா, "விடுங்க, பசிச்சா தின்னும்" என்று சிரித்தாராம். இங்கே நானும் சோறு இறங்காமல் இருந்தேன், அக்கா. என்னைப் போய்ப் பார்!

நேற்றுத்தான் சாப்பிட்டது. ஆனால் சாப்பிட முன்னம் ஒரு கூத்து நடந்தது. உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய கையைக் கழுவாமல், தண்ணீர்த் தட்டை நேராக்க அத்தான் உள்ளே கை விட்டுவிட்டார். பாம்பு பாய்ந்தது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு சத்தம் கேட்டது, பார்த்தால் கையில் கடித்தபடி, முன்கையைச் சுற்றிச் சுற்றி இறுக்குகிறது. இரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது.

நான் சுவரோடு ஒட்டிவிட்டேன். "ஐயோ, அக்கா இருந்திருந்தால்..." என்று வாய் உளறியது.

"அக்கா இல்லை, குமரன்." குரலை உயர்த்தாமலே சொன்னார். "நீர் நிக்கிறீர். வாலைப் பிடியும். தலைப் பக்கம் இழுக்காதேயும், வால்ல இருந்து கழட்டும்."

பிடித்தேன். வழுவழு என்று இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உலர்ந்திருந்தது, உள்ளே முழுக்கத் தசை. ஒரு சுற்று, அடுத்த சுற்று. நான் கழற்றக் கழற்ற அது திரும்பவும் பிடிக்கப் பார்த்தது. அத்தான் குளிர்ந்த தண்ணீரை அதன் வாயோரம் ஊற்றினார். விட்டுவிட்டது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கூட்டுக்குள் விட்டுப் பூட்டினோம்.

கையைச் சோப் போட்டுக் கழுவிக் கட்டின பிறகு, "அதின்ர பிழை இல்லை. என்ர கையில எலி மணம்" என்றார். திருப்பிக் கொண்டுபோய் விடுவார் என்று நினைத்தேன். சொல்லப்போனால், விடட்டும் என்றும் நினைத்தேன். அவர் எலி பிடிக்கிற குறட்டைத் திரும்பவும் கையில் எடுத்தார். "நீர் அதில நில்லும். அது பசியோட இருக்கு" என்றார். நான் நின்றேன். அது வந்து எலியைப் பிடித்து, சுற்றி, தலையிலிருந்து ஆறுதலாக விழுங்கத் தொடங்கியது. அத்தான் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பாரும், பாரும்" என்றார். நானும் பார்த்தேன், அக்கா. கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தேன், காயம் ஆழமில்லை. இது சரியா, பிழையா? முப்பது வருடத்தில் யார் எங்கே இருப்போம்? மீனாவுக்கு எப்படிச் சொல்லப் போகிறேன்? நீ இருந்தால் கேட்டிருப்பேன். கேட்டாலும் நீ மலைப்பாம்புதான் வேண்டும் என்று நின்றிருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், அது போகாது. ஆனால் அந்தப் பாம்பு பசிக்கிற நாளெல்லாம், பயந்து பயந்தாவது, நான் அந்தக் கதவடியில் நிற்பேன்.

உனக்குத் தம்பியும்
அத்தானுக்கு மச்சானுமான
குமரன்