உங்க அக்கா கொடுத்த தூக்க மாத்திரை

ஏனுங்க,

எழுந்ததும் அந்த மாத்திரை அட்டையைத் தேடாதீங்க. உங்க அக்கா கொடுத்த தூக்க மாத்திரை என் கைப்பையோடு மதுக்கரை ஸ்கூலுக்கு வருகிறது.

காலையிலேயே டாக்டருக்கு போன் செய்தேன். மனச்சோர்வுக்கு நீங்க சாப்பிடும் மாத்திரையோடு இதைச் சேர்க்கவே கூடாதாம், மயக்கம் அதிகமாகிவிடுமாம். தூக்கம் வராவிட்டால் அவரிடம்தான் கேட்க வேண்டும். பழைய மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

உங்க அக்கா மேல் தப்பில்லை. என்ன மாத்திரை சாப்பிடறே என்று அவங்க கேட்டதற்கு "பிரஷர் மாத்திரைங்கக்கா" என்று சொன்னது நீங்கதானே? ராத்திரி நான் கத்தியது அந்தப் பொய்க்குத்தான்.

அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் இருக்கிறது. நெய்யை மறக்காதீங்க.

கலாமணி

பி.கு.: கோபப்படாதீங்க, உங்க அக்காவுக்கும் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்டதும் அவங்களுக்கு ஒரே சிரிப்பு. "அட அம்மணி, நானும் ரெண்டு வருசமா மனசுக்குத்தான் மாத்திரை திங்கறேன்! அதுகூட இது வேண்டாம்னு டாக்டரு தூக்க மாத்திரையை நிறுத்திப்போட்டாரு. வீணாப் போகுதேன்னு தம்பிக்குக் கொடுத்துப்போட்டேன். எங்கூட்டுல சக்கரை வியாதின்னு சொல்லி வெச்சு, இனிப்பில்லாத காப்பி குடிச்சே நாக்குச் செத்துப்போச்சு" என்றாங்க.

மத்தியானம் உங்களைப் பார்க்க பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வருகிறாங்க. ஒன்றும் கேட்காதீங்க. காப்பியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுங்க.