மாடிக் கைப்பிடி

அன்பு மகனே,

இது நானே எழுதும் முதல் கடிதம். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது!

நீ அனுப்பிய வக்கீல் வந்தார். "மாடிப்படிக் கைப்பிடி ஆடுது. குடியிருக்கறவங்க விழுந்து கேஸ் போட்டா வீடே போயிடும். வாடகைக்கு விடறது நீங்களாவே இருக்கட்டும், வீட்டை மட்டும் மகன் பேருக்கு மாத்திடுங்க. கேஸ் உங்க மேலதான் வரும், வீட்டை யாரும் தொட முடியாது" என்றார்.

"மாத்திட்டா கைப்பிடி ஆடாதுங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்.

மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு நிறைமாதம். அவள் கதவு திறந்தாலே பேனாவைப் போட்டுவிட்டுப் படியடிக்கு ஓடுகிறேன். "என்ன தாத்தா, எனக்கு வாட்ச்மேனா?" என்று கேலி செய்கிறாள். இதோ, மறுபடியும் ஓடிவிட்டு வந்தேன்.

கோபப்படாதே, வீடு என் பெயரிலேயே இருக்கட்டும். போய்விடுமோ என்ற பயத்தில்தான் இன்று வெல்டிங்காரரைக் கையோடு கூட்டிவந்தேன்; வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயம் இல்லாவிட்டால் நான் நாற்காலியை விட்டே எழுந்திருக்க மாட்டேன்.

கைநாட்டை விட்டுவிட்ட
உன் அப்பா