மூன்றாம் அத்தியாயம்

அண்ணா,

உன் ராக் இசைக்குழுவைப் பற்றி உங்களில் யாரையும் கேட்காமலே எழுதிய அந்தப் புத்தகம் எங்கள் நூலகத்துக்கும் வந்துவிட்டது. இணையத்தில் வாசகர்கள் எழுதியிருக்கும் கருத்துகளையெல்லாம் படித்தேன். "பாதி வதந்தி, மீதி போட்டோ" என்கிறார் ஒருவர். "டிரம்மர் பாவம். அப்படி ஒரு அப்பாவை வச்சுக்கிட்டு எப்படித்தான் முன்னுக்கு வந்தாரோ" என்கிறார் இன்னொருவர்.

அந்த எழுத்தாளரிடம் பேசியது நான்தான். உன் முதல் டிரம்ஸை அப்பா உடைத்த கதையை, நீ என்னிடம் சொன்னபடியே சொன்னேன்.

பிறகு, பெயர் போடாத ஒரு கருத்து கண்ணில் பட்டது. ஒரே ஒரு நட்சத்திரம். "மூணாவது அத்தியாயம் தப்பு. டிரம்ஸை உடைச்சது அப்பா இல்ல, பையன்தான். போட்டியில தோத்துட்டு வந்த கோபம். தங்கச்சி அப்போ டைப்பிங் கிளாஸ்ல இருந்தா, அவளுக்குத் தெரியாது."

நான் டைப்பிங் வகுப்பில் இருந்தது எந்த ரசிகனுக்குத் தெரியும்?

இருபத்தாறு வருஷமாக அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நானும் அவரிடம் மாத்திரை, சாப்பாடு தவிர வேறெதுவும் பேசியதில்லை. இன்று காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் எழுதிவிட்டாய். அவர் இணையம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் சொல். என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை.

டைப்பிங் கிளாஸுக்குப் போயிருந்த
உன் தங்கை