இரண்டாவது பெட்டியில் சார் கிடையாது

22.9.2025, திங்கள், காலை 9.40
என் கண்ணாடி அறைக்கு வெளியே எட்டு பேர். எட்டு பேரும் இசக்கிப்பாண்டியின் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். என் மேசைக்கு எதிரே காலி நாற்காலி.

ஜூன் முதல் இந்த சர்வீஸ் டீமுக்கு மேனேஜர் நான். எந்த கம்பெனியில் பேக்கிங் மெஷின் நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும். என்னிடம் வருவது லீவு கையெழுத்துக்கு மட்டும். பாண்டியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே டிகிரி. மெஷின் புரோகிராம் அவனைவிட எனக்கு நன்றாக வரும். தற்பெருமை இல்லை, உண்மை. பிறகு அவனிடம் என்னதான் இருக்கிறது?

23.9
என் மேலதிகாரி ருக்சானா மேடம் கூப்பிட்டார். புனேயில் கிளை திறக்கிறார்கள். என் டீமிலிருந்து ஒருவர் இரண்டு வருடத்துக்குப் போக வேண்டும். யார் என்பது என் முடிவு. 3-ம் தேதி மாலை ஆர்டர் போட்டுவிடுவாராம்.

கதவைத் தாண்டும் முன்பே எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

24.9
பாண்டியிடம் நேரடியாகவே கேட்டேன்: துர்பே கம்பெனியில் மெஷின் நின்றது எனக்கு முன்னால் உனக்கு எப்படித் தெரியும்?

"காலைல வண்டில பேசிக்கிட்டே வந்தோம் சார்."

வண்டி என்றால் மும்பை ஜி.டி.பி. நகரில் ஏறும் பன்வேல் லோக்கல் ரயில், இரண்டாவது பெட்டி. டீம் மொத்தமும் அதில்தான். ஜூன் வரை நானும் அங்கேதான் நின்றேன், கதவுப் பக்கம். மேனேஜர் ஆனதும் கார். இப்போது மான்குர்ட் சிக்னலில் ஏசிக்குள் தனியாக எரிகிறேன்.

அப்போது "ஏலே மகேசு". இப்போது "சார்". கிண்டல்தானே? வேறென்ன?

26.9
அட்டவணை போட்டேன். திறமை, அனுபவம், மராத்தி, குடும்பச் சூழ்நிலை. பாண்டி மூன்றாவதாக வந்தான். அவன் மனைவி மாரிசெல்விக்கு ஏழாம் மாதம், அதுதான் அவனைக் கீழே இழுத்தது. குடும்பத்துக்கான மதிப்பெண்ணைக் குறைத்தேன். இரண்டாவது. மராத்திக்குக் கூட்டினேன். முதலாவது.

இதற்கு ஒரு பெயர் உண்டு. எழுத வேண்டாம்.

29.9
அனுப்பிவிட்டேன். காரணம்: "மதிப்பீட்டில் முதலிடம்."

லேசாக இருக்கிறது.
இல்லை.

1.10, புதன்
கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. வண்டியில் போனேன். நாளை தசரா. முந்தின நாள் பெட்டியை அலங்கரிப்பது எங்கள் குரூப்பின் வழக்கம். கம்பிகளில் செண்டுப்பூ, ஜன்னலில் மாவிலை. நான் ஏறியதும் பேச்சு நின்றது. என் டீம் நாகராஜ் எழுந்து இடம் விட்டான், விருந்தாளிக்கு விடுவது போல.

பாண்டி மாலையை என் கையில் திணித்தான். "மகேசு, நீதாம்லே நெட்டை. மேல கட்டு."

சாரையா கட்டச் சொல்வது என்று நாகராஜ் இழுத்தான்.

"வண்டிக்குள்ள சாரு கெடையாதுலே. அதெல்லாம் ஆபீஸ் கேட்டுக்கு அங்கிட்டுதான்."

கட்டினேன். செம்பூர் தாண்டுவதற்குள் நாகராஜே வாயைத் திறந்தான். போன வாரம் ஒரு சென்சாரைத் தவறாக மாட்டிவிட்டானாம். நான்கு மாதத்தில் என்னிடம் நேராக வந்த முதல் தப்பு. திட்டவில்லை. மாலை கட்டிய கையோடு எப்படித் திட்டுவது?

வாஷியில் இறங்கியதும் மற்றவர்கள் முன்னால் நடந்தார்கள். பாண்டி நின்றான். மேடம் புனே பற்றி அவனிடம் சொல்லிவிட்டாராம்.

"போகச் சொன்னா போறேன். செல்விட்ட இன்னும் சொல்லல. எம்பேர நீயாத்தான் எழுதுனியான்னு மட்டும் சொல்லு."

அட்டவணைப்படி வந்தது என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். "சரி சார்."

ஆபீஸ் கேட்டுக்கு இன்னும் பத்து நிமிட நடை இருந்தது.

2.10
விடுமுறை. அவன்தான் சரின்னுட்டான்ல, எனக்கு என்ன? ஏன்டா திட்டல? நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருந்தா சரியாப் போயிருக்கும்.

பழைய மதிப்பெண்களோடு அட்டவணையை மறுபடி போட்டேன். ஒரு வரிசை கூடுதலாகச் சேர்த்தேன்: நான். கல்யாணம் ஆகவில்லை, பள்ளியில் மராத்தி படித்தவன், கிளையைத் தொடங்கி நடத்தத் தெரியும். முதலிடம். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நான் போனால் என் நாற்காலியில் யார் உட்காருவான் என்று தெரியும். எட்டு பேரும் கைதட்டுவார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

3.10, காலை 6 மணி
1. கார் வந்துவிட்டது. சாவி வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டாவது பெட்டி.
2. பாண்டியிடம்: ஆமா, நானாத்தான் எழுதினேன். கேட்டுக்கு இந்தப் பக்கமே சொல்லிவிட வேண்டும்.
3. மேடத்திடம் மதிப்பெண்ணை மாற்றியதைச் சொல்ல வேண்டும். புனேக்கு என் பெயர்.
4. நாகராஜின் சென்சார். நானே கூடப் போக வேண்டும்.
5. அடுத்த மேனேஜருக்கும் கார் கிடைக்கும். எடுக்காதே என்று அவனிடம் சொல்ல வேண்டும். மனசு வந்தால்.