கோட்டுப் பைக்குள் இருந்த கடிதம்

செப்டம்பர் 23, செவ்வாய்

பேத்தி அபியின் ஹைஸ்கூலிலேயே ஒரு காலேஜ் கணக்குப் பாடம் நடக்கிறது. பாஸானால் காலேஜில் திரும்பப் படிக்கத் தேவையில்லை. பெயிலானால் அந்த மார்க் காலேஜ் பதிவில் அழியாமல் கிடக்கும். டொக்டருக்குப் படிக்க நினைப்பவள். பாடம் மண்டைக்குள் ஓடவில்லை, விலகப் போகிறேன் என்றாள். அதற்குத் தாய் கையெழுத்து வைத்த விலகல் கடிதம் போன வியாழன் மேசையில் கிடந்தது. விளையாட்டாய், ஒரு பகிடிக்கு எடுத்துக் கோட்டுப் பைக்குள் ஒளித்தேன்.

"அம்மப்பா, என்ர கடிதம் கண்டனீங்களோ?"

"கொம்மா பள்ளிக்கூடத்தில குடுக்கக் கொண்டு போயிட்டா, காலேஜ்காறி."

நம்பிவிட்டாள். சாப்பாட்டு நேரம் கொடுத்துச் சிரிக்க இருந்தேன். மறந்து போனேன்.

இன்று குளிர். கோட்டைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் நின்றபோது கையில் கடிதம் தட்டுப்பட்டது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விலகுவதற்கான கடைசி நாள் வெள்ளியோடு முடிந்ததாம். கெஞ்சியும் பார்த்தேன்.

பின்னேரம் அபியிடம் சொன்னேன்.

"பகிடியோ, அம்மப்பா?"

"ஓம்."

கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

இப்போதும் அறைக்குள் இருந்து கணக்குப் போடுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என்னத்தைச் சொல்லிக் கொடுக்க? கடிதத்தை மேசையில் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.